முதல் அடமானத்தில் வீடு ஏலம் போன பிறகு இரண்டாம் அடமானக் கடனை வசூலிக்க முடியுமா?

கேள்வி இது. கலிஃபோர்னியாவில் வசிக்கும் ஒருவர் தம் நண்பருக்கு 90,000 டாலர் கடன் கொடுத்து, நண்பர் குடியிருந்த வீட்டின் மேல் இரண்டாம் அடமானம் எழுதி வாங்கி, அதைக் கவுன்டி அலுவலகத்தில் முறையாகப் பதிவும் செய்திருக்கிறார். முதல் அடமானம் வைத்திருந்த வங்கிக்கு நண்பர் தவணை கட்டாமல் விட்டதால், வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே டிரஸ்டி மூலம், அதாவது அடமானப் பத்திரப்படி வீட்டை விற்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் மூலம், வீட்டை ஏலம் விட்டுவிட்டது. தம் பணத்தை இனி வசூலிக்க வழியுண்டா, வீட்டோடு அதுவும் போயிற்றா என்று கேட்கிறார்.

உங்களிடம் இருந்தவை இரண்டு ஆவணங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாக நண்பர் கையெழுத்திட்ட புரோநோட் ஒன்று. தராவிட்டால் வீட்டை விற்று எடுத்துக்கொள்ள உரிமை தரும் அடமானப் பத்திரம், அதாவது அங்கே டீட் ஆஃப் டிரஸ்ட் எனப்படுவது, மற்றொன்று. முந்திப் பதிவான அடமானத்தின் பேரில் ஏலம் நடந்து முடிந்தால், அதற்குப் பிந்திய அடமானங்கள் எல்லாம் அந்த வீட்டை விட்டு நீங்கிவிடும். ஏலத்தில் எடுத்தவர் உங்கள் கடனைச் சுமக்க வேண்டியதில்லை. ஆகவே அடமானப் பத்திரம் இப்போது வெறும் காகிதம். புரோநோட் அப்படியல்ல. ஈடு அழிந்தது என்பதற்காகக் கடன் அழிவதில்லை என்பதே பொது விதி. ஆனால் கலிஃபோர்னியா அந்த விதிக்குப் பெரிய விலக்குகளை வைத்திருக்கிறது. அவற்றில் நீங்கள் சிக்குவீர்களா மாட்டீர்களா என்பது, நண்பர் அந்தப் பணத்தை எதற்காக வாங்கினார் என்பதைப் பொறுத்தது. அதை உங்கள் கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை என்பதால் இரு வகையையும் எழுதுகிறேன்.

அதற்கு முன்பாக, நாள் எண்ணிச் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. ஏலத்தில் வந்த தொகை வங்கியின் பாக்கியையும் ஏலச் செலவையும் தாண்டியிருந்தால், மிச்சம் வங்கிக்கும் போகாது, நேராக நண்பருக்கும் போகாது; பதிவான வரிசைப்படி அடுத்த அடமானக்காரருக்கே முதலில் சேர வேண்டும். உரிமையியல் சட்டத் தொகுப்பின் 2924கே பிரிவு இந்த வரிசையை வகுத்திருக்கிறது. உதாரணமாக, வங்கியின் பாக்கியும் செலவும் சேர்ந்து 4,10,000 டாலர், வீடு ஏலம் போனது 4,65,000 டாலருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமான 55,000 டாலரும் உங்களுடையது. உங்கள் கடனில் அது கழிந்து, மீதி 35,000 டாலரும் வட்டியும் மட்டுமே நண்பரிடம் நேரடியாகக் கேட்க வேண்டிய தொகையாக நிற்கும். மிச்சத் தொகை இருந்தால் டிரஸ்டி விற்பனைப் பத்திரம் எழுதிக்கொடுத்த 30 நாட்களுக்குள், பதிவான உரிமை உடையவர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்புக்குப் பின் 30 நாட்களுக்குள் நீங்கள் எழுத்து மூலம், பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவதாக உறுதி கூறி, உரிமை கோர வேண்டும். அறிவிப்பு பத்திரத்தில் பதிவாகியிருக்கும் முகவரிக்குத்தான் போகும். இடையில் வீடு மாறியிருந்தால் கடிதம் பழைய வாசலிலேயே கிடக்கும். எனவே அது வரட்டும் என்று காத்திருக்காமல், ஏலம் நடத்திய டிரஸ்டி யார் என்று கவுன்டிப் பதிவேட்டில் பார்த்து, மிச்சம் உண்டா என்று நீங்களே கேட்டு, புரோநோட், அடமானப் பத்திரம், பாக்கிக் கணக்கு ஆகியவற்றின் நகலோடு கோரிக்கையை அனுப்பிவிடுங்கள். பலர் போட்டியாக உரிமை கோரினால் டிரஸ்டி பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். அப்போது பங்கீட்டை நீதிபதி முடிவு செய்வார். கீழே சொல்லப்போகும் தடைகள் எதுவும் இந்த மிச்சத் தொகைக்குப் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். அது வீட்டின் மதிப்பில் எஞ்சிய பகுதி. நண்பரின் சொந்தப் பையிலிருந்து கேட்பது அல்ல.

அதே பதிவேட்டில் வீட்டை ஏலத்தில் எடுத்தவர் யார் என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. கடன்பட்டவரே ஏலத்தில் வீட்டைத் திரும்ப வாங்கினால், பிந்திய அடமானங்களை உதறுவதற்கு அந்த ஏலத்தை ஒரு வழியாக்கிக்கொள்ள அவரை நீதிமன்றங்கள் பொதுவாக விடுவதில்லை. அந்த அடமானம் மீண்டும் உயிர்பெறும் என்பதே பொதுவான கொள்கை. இது அரிதாகவே நடக்கும். ஆனால் நடந்திருந்தால் உங்கள் நிலைமை முற்றிலும் மாறிவிடும்.

இனி நண்பர் மீது நேரடியாக வழக்குத் தொடுப்பதைப் பார்ப்போம். கலிஃபோர்னியாவில் வீட்டை இழந்தவர்களிடம் அக்கம்பக்கத்தார் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: ஏலம் போய்விட்டால் அதன் பிறகு யாரும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது என்பது. இது பாதி உண்மை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 580டி பிரிவு, நீதிமன்றத்துக்குப் போகாமல் டிரஸ்டி மூலம் வீட்டை விற்ற, கடன் கொடுத்தவர், விலை போதவில்லை என்று சொல்லி மீதிப் பணத்துக்கு வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. அதாவது உங்கள் விஷயத்தில் அந்தத் தடை வங்கிக்கு. நீங்கள் வீட்டை விற்கவில்லை. வேறொருவர் விற்றதில் உங்கள் ஈடு பறிபோனது. இப்படி ஈட்டை இழந்த இரண்டாம் அடமானக்காரரை 580டி தடுக்காது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1963இல் ரோஸ்லீஃப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வீட்டின் நியாயமான சந்தை மதிப்பைக் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கேட்க வேண்டும் என்ற 580ஏ பிரிவின் வரம்பும் இத்தகையவருக்கு இல்லை என்று அதே தீர்ப்பு கூறியது. கடன் கொடுத்த ஒருவரே முதல் அடமானத்தையும் இரண்டாம் அடமானத்தையும் தம்மிடமே வைத்திருந்து, முதலாவதன் பேரில் வீட்டை விற்றுவிட்டு, இரண்டாவதன் பேரில் வழக்குப் போடலாமா என்பது நெடுநாள் சர்ச்சையாக இருந்தது. 1992இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடாது என்றது. 2019இல் பிளாக் ஸ்கை கேப்பிட்டல் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், விற்கப்பட்டது முதல் அடமானத்தின் பேரில் மட்டும்தான் என்றால் 580டி குறுக்கே நிற்காது என்று முடிவு செய்தது. உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்றாலும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பழைய தீர்ப்பைக் காட்டினால் திகைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களைத் தடுக்கக்கூடிய பிரிவு 580பி. வீட்டை வாங்குவதற்காகவே கொடுக்கப்பட்ட கடனுக்கு, வாங்கியவர் அதில் குடியிருக்கிறார், வீடு நான்கு குடியிருப்புகளுக்கு மேற்படாதது என்றால், ஈட்டைத் தவிர வேறெதையும் தொட முடியாது என்கிறது அது. முன்பணம் போதவில்லை என்று நண்பர் கேட்டு, அவர் வீடு வாங்கிய அன்று உங்கள் 90,000 டாலர், விற்பனை முடியும்வரை பணத்தை இடைநிலையாளர் வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் விழுந்து விலையின் ஒரு பகுதியாகப் போயிருந்தால், நீங்கள் வங்கியல்ல, நண்பர்தான் என்பதெல்லாம் எடுபடாது. நேரடி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். வீட்டை விற்றவரே விலையின் ஒரு பகுதியைக் கடனாக விட்டு இரண்டாம் அடமானம் எடுத்துக்கொண்டால் தடை இன்னும் கடுமையானது. வாங்கியவர் குடியிருந்தாரா இல்லையா என்ற கேள்விகூட அங்கே எழாது. 1953இல் வந்த பிரவுன் எதிர் ஜென்சன் தீர்ப்பின்படி, முதல் அடமான ஏலத்தில் ஈடு முழுவதும் அழிந்துபோன விற்பனையாளர்கூட வாங்கியவரிடம் ஒரு காசு கேட்க முடியாது. விலையை மிகைப்படுத்தி, கடனைக் கொட்டிக்கொடுத்து விற்பதன் ஆபத்தை விற்பவரே ஏற்கட்டும் என்பதுதான் இதன் நோக்கம். ஆனால் சொந்த வீட்டை நல்லெண்ணத்தோடு விற்ற சாதாரண மனிதர் மீது இது மிகக் கடுமையாக விழுகிறது என்பது என் கருத்து.

வீடு வாங்கிச் சில காலம் கழித்து, கடை தொடங்கவோ, கிரெடிட் கார்டு பாக்கியை அடைக்கவோ, வீட்டைப் புதுப்பிக்கவோ, படிப்புச் செலவுக்கோ நீங்கள் கொடுத்திருந்தால் 580பி பொருந்தாது. முழுப் பாக்கிக்கும் வழக்குத் தொடுக்கலாம். இடைப்பட்ட நிலையும் உண்டு. வாங்கும்போது எடுத்த ஒரு பழைய கடனை அடைக்க உங்கள் பணத்தின் ஒரு பகுதி போயிருக்கலாம். 2013 முதல் எழுதப்பட்ட அத்தகைய மறுகடன்களுக்கும் பாதுகாப்பு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பழைய கடனை அடைத்தது போகக் கையில் கொடுத்த புதுப் பணத்துக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது, அன்று நண்பர் என்ன எழுதினார் என்பதற்கான வங்கி அறிக்கை, மின்னஞ்சல், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் இப்போதே திரட்டிவையுங்கள். இந்த வழக்குகள் பெரும்பாலும் சட்ட வாதத்தில் அல்ல, இந்தக் காகிதங்களில்தான் நிற்கவோ விழவோ செய்கின்றன.

வழக்கறிஞரிடம் போவதற்கு முன் உங்கள் புரோநோட்டில் எழுதிய வட்டி விகிதத்தை நீங்களே ஒருமுறை பாருங்கள். குடும்ப, வீட்டு, சொந்தத் தேவைக்கான கடனுக்கு, சிறப்பு விலக்கு இல்லாத தனிநபர் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று கலிஃபோர்னிய அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. வங்கிகளுக்கும், உரிமம் பெற்ற ரியல் எஸ்டேட் புரோக்கர் ஏற்பாடு செய்து வீட்டை ஈடாகக் கொண்ட கடன்களுக்கும் விலக்கு உண்டு; இரு நண்பர்கள் தாங்களே எழுதிக்கொண்ட கடனுக்கு இல்லை. மாதம் ஒரு சதவீதம்தானே என்று எழுதியிருந்தால் அது ஆண்டுக்கு 12 சதவீதம். அப்படியானால் வட்டி முழுவதையும் இழக்க நேரிடும், இதுவரை வாங்கிய வட்டி அசலில் கழிக்கப்படும், கடைசி ஓராண்டில் செலுத்திய வட்டியின் மும்மடங்கை நண்பர் உங்களிடமே திருப்பிக் கேட்கவும் முடியும். வசூலுக்குப் போனவர் பதில் சொல்லும் இடத்தில் நிற்பது இப்படித்தான். விகிதம் மீறியிருந்தால் வழக்கைத் தொடங்குவதற்கு முன்பே அசலுக்கு மட்டும் சமரசம் பேசுவது மேல்.

கால வரம்பு அடுத்தது. எழுத்து ஒப்பந்தத்துக்கு கலிஃபோர்னியாவில் 4 ஆண்டுகள். கைமாற்றத்தக்க புரோநோட்டாக எழுதப்பட்டிருந்தால் வணிகச் சட்டப்படி 6 ஆண்டுகள். உங்களுடையது எந்த வகை என்பதில் வாதத்துக்கு இடமிருக்கும் என்பதால் நான்காண்டுக் கணக்கையே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தவணைக் கடனில் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியே காலம் ஓடும். ஒரு தவணை தவறினாலும் முழுத் தொகையையும் உடனே கேட்கலாம் என்ற நிபந்தனையைப் பயன்படுத்தி நீங்கள் கடிதம் அனுப்பியிருந்தால் மொத்தத்துக்கும் அன்றிலிருந்தே காலம் தொடங்கும். காலம் ஓடுவது ஏல நாளிலிருந்து அல்ல, கடன் தவறிய நாளிலிருந்து என்பதை மறக்க வேண்டாம். ஏலத்துக்குப் பிறகு மூன்று மாதங்களில் வழக்குப் போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது கடன் கொடுத்துத் தாமே ஏலம் விட்டவருக்கான வரம்பு, ஈட்டை இழந்து நிற்கும் உங்களுக்கானது அல்ல.

வேறு மாநிலத்தில் இதே நிலையில் இருப்பவர்கள் மேற்சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நெவாடாவில் வீட்டின் மீதான இரண்டாம் அடமானக்காரர் ஏலத்துக்குப் பிறகு 6 மாதங்களுக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் உரிமை போய்விடும். டெக்சஸில் குடியிருக்கும் வீட்டின் மதிப்பை ஈடாக வைத்து எடுக்கும் ஹோம் ஈக்விட்டி கடனுக்கு, மோசடி இல்லாதவரை, கடன் வாங்கியவர் சொந்தப் பொறுப்பில் இல்லை என்று மாநில அரசியல் சாசனமே சொல்கிறது.

வழக்கில் வெல்வதும் பணம் வருவதும் ஒன்றல்ல. வீட்டையே காப்பாற்ற முடியாதவரிடம் என்ன இருக்கும் என்பதைச் செலவு செய்வதற்கு முன் நிதானமாக யோசிக்க வேண்டும். தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்கும் உத்தரவு, கடன் வணிகத்துக்காக வாங்கப்பட்டிருந்தால்தான் ஒரு தனிநபருக்கு எதிராகக் கிடைக்கும். குடும்பச் செலவுக்கான கடனுக்குக் கிடைக்காது. தீர்ப்பு வந்த பிறகு அதன் சுருக்கத்தைக் கவுன்டியில் பதிந்தால், அந்தக் கவுன்டியில் நண்பர் பெயரில் இருக்கும், பின்னால் வாங்கும் நிலபுலன் அனைத்தின் மீதும் அது பற்றிக்கொள்ளும். சம்பளத்திலிருந்து பிடிக்கலாம், ஆனால் 2023 செப்டம்பர் முதல் கலிஃபோர்னியாவில் கைக்கு வரும் சம்பளத்தில் 20 சதவீதம், குறைந்தபட்ச ஊதியத்தின் 48 மடங்குக்கு மேற்பட்ட வாரச் சம்பளத்தில் 40 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் பிடிக்க முடியாது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தையும், வேலை தருபவர் வழியாகச் சேரும் ஓய்வூதியக் கணக்குகளையும் தொட முடியாது. அவர் வேறு வீடு வாங்கிக் குடியேறினாலும், அதில் குறைந்தது 3,00,000 டாலர் மதிப்பு வரை 2021 முதல் கடன் கொடுத்தவர்களிடமிருந்து காக்கப்படுகிறது; கவுன்டியின் வீட்டு விலையைப் பொறுத்தும் விலைவாசியோடும் அந்த வரம்பு மேலும் உயரும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், நிலையான சம்பளம் உள்ள நண்பரிடமிருந்து தவணை முறையில் அசலின் ஒரு பகுதியைப் பெற ஒப்புக்கொள்வதே பல சமயங்களில் அதிகம் தருகிறது. தீர்ப்பு 10 ஆண்டுகள் செல்லும், புதுப்பிக்கவும் முடியும் என்பது அந்தப் பேச்சில் உங்களுக்குச் சாதகமாக இருக்கும். ஆனால் 2023 முதல், 50,000 டாலருக்குக் குறைந்த சொந்தக் கடன் தீர்ப்புகளில் வட்டி 10இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, புதுப்பிப்பும் ஒரு முறை, 5 ஆண்டுகளுக்கு மட்டுமே.

மிகவும் நெருக்கினால் அவர் திவால் மனு போடுவார் என்பதும் உண்மையே. சாப்டர் 7 எனப்படும், இருக்கும் சொத்தை விற்றுக் கடனை முடிக்கும் வகைத் திவால் மனுவில் உங்கள் கடன் ஈடில்லாத கடன்களோடு சேர்ந்து தள்ளுபடியாகும். தம் வருமானம், சொத்து பற்றி எழுத்தில் பொய் சொல்லி உங்களிடம் கடன் வாங்கினார் என்று நிரூபிக்க முடிந்தால் தள்ளுபடியைத் தடுக்கலாம். ஆனால் கடன் கொடுத்தவர்களின் கூட்டத்துக்கு முதலில் குறித்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அதற்கென்று தனியே முறையீடு தாக்கல் செய்ய வேண்டும். மனு போட்ட அறிவிப்பு வந்ததும் தொலைபேசி, கடிதம் உட்பட எல்லா வசூல் முயற்சியையும் நிறுத்திவிடுங்கள். மனுவுக்கு முந்தைய 90 நாட்களில் அவர் உங்களுக்கு மட்டும் கொடுத்த பணத்தைத் திவால் டிரஸ்டி, அதாவது திவால் வழக்கில் அவர் சொத்தைக் கையாள நியமிக்கப்படுபவர், திரும்பக் கேட்கக்கூடும். உறவினராக இருந்தால் அந்தக் காலம் ஓராண்டு.

ஏல மிச்சமும் இல்லை, நேரடி வழக்கும் முடியாது அல்லது பயனில்லை என்றாகிவிட்டால், கடைசியாக வருமான வரியில் ஒரு பகுதியை மீட்கலாம். தொழிலாக அல்லாமல் கொடுத்த கடன் முழுவதும் வாராக்கடன் ஆனால், அதைக் குறுகிய கால மூலதன நட்டமாகக் காட்ட அமெரிக்க வரிச் சட்டம் இடம் தருகிறது; பாதி வந்து பாதி வராமல் இழுத்துக்கொண்டிருக்கும் கடனுக்கு இடமில்லை. பங்கு விற்ற லாபம் முதலியவற்றில் முழுவதையும், மற்ற வருமானத்தில் ஆண்டுக்கு 3,000 டாலர் வரையும் கழித்துக்கொண்டு, மீதியை அடுத்தடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தீர்ப்பு வாங்கினாலும் வசூலாகாது என்று காட்டினால் போதும். ஆனால் கொடுத்தது கடன்தான், அன்பளிப்பு அல்ல என்பதற்கும், வசூலிக்க நீங்கள் செய்த முயற்சிகளுக்கும் எழுத்துச் சான்று வேண்டும். கடன் மதிப்பற்றுப்போன அந்த ஆண்டின் வரிக் கணக்கிலேயே காட்டவும் வேண்டும். அந்த ஆண்டைத் தவறவிட்டால் பழைய கணக்கைத் திருத்திக் கேட்க வழக்கமான 3 ஆண்டுகளுக்குப் பதில் 7 ஆண்டுகள் அவகாசம் உண்டு.